இரும்பு ரத்னாவும் பல்பொடி சுப்பராயனும்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போனால் ஒரு காலனி வரும். எழுபத்திரண்டாம் வருஷம் அங்கே ரத்னா என்று ஒரு பெண் இருந்தாள். வயது பதினாறு. பார்க்க எல்லாப் பெண்களையும் போலத்தான் இருப்பாள். ஆனால் மூன்று ஆண்கள் முக்கி முனகித் தூக்குகிற பாரத்தை ஒற்றையாளாகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கே வைக்கவேண்டும் என்று சாவதானமாகக் கேட்பாள். அவள் அப்பன் குப்பன், உயிரோடு இருந்தவரைக்கும், ஒரு குடம் தண்ணீருக்கே மூச்சு வாங்கிய மனுஷன். அம்மா அஞ்சம்மாள் நடவு நடுகிறவள். குனிந்து குனிந்து பாதியாகப் போனவள். இவர்களுக்கு எப்படி இப்படி ஒரு பிள்ளை பிறந்தது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. சிலருக்குக் குரல் வருகிறது, சிலருக்குக் கணக்கு வருகிறது, இவளுக்கு பலம் வந்தது. ஒரு பெண்ணுக்கு பலம் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் ஊருக்குத் தெரியவில்லை.

பலத்தோடு கூடவே கோபமும் வந்திருந்தது. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அவள் இடத்தில் யார் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

அந்த வருஷங்களில் அந்தப் பக்கம் முழுக்க முள்கம்பி வேலி விழுந்துகொண்டிருந்தது. நேற்று நடவு நட்ட கழனியில் இன்றைக்குக் கல் நட்டிருப்பார்கள். கழனியை விற்றவன் பட்டணத்தில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். கழனியில் வேலை செய்தவர்களுக்கு வேலி மட்டும் மிச்சம். வேலிக்குள்ளே கம்பெனிகள் எழுந்தன. காலனிக்குப் பக்கத்தில் வந்தது இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனி. அதில் உள்ளே போய் மிஷினில் வேலை செய்யப் படித்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். காலனிக்காரர்களுக்குக் கிடைத்தது லாரியில் கம்பிக் கட்டு ஏற்றுகிற வேலை. அதற்கும் மேஸ்திரி மணவாளனுடைய தயவு வேண்டும்.

மணவாளன் மேஸ்திரி காலையில் கம்பெனி கேட்டு முன்னால் வந்து நிற்பார். கையில் ஒரு பிரம்பு. ஆட்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் தோளிலும் பிரம்பால் ஒரு தட்டு தட்டி எண்ணிக்கொண்டே போவார். தட்டு வாங்கினவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. பெண்கள் வரிசைக்கு வந்ததும் எண்ணுகிற விதம் மாறிவிடும். இரண்டு பெண்களைச் சேர்த்து நிற்கவைத்து, இருவருக்கும் நடுவே காற்றில் பிரம்பை ஒரு வீசு வீசி, ஒன்று என்பார். இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஒரு ஆள். கம்பிக் கட்டு ஏற்றுவதும் ஜோடியாகத்தான், கூலியும் ஜோடிக்குத்தான். எந்த மகானுபாவன் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தானோ தெரியாது. யாரும் கேள்வி கேட்டதும் இல்லை.

ரத்னா கேட்டாள். தன்னைத் தனியாக எண்ணச் சொன்னாள். மேஸ்திரி சிரித்தார். அவள் போய், இரண்டு ஆண்கள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துத் தூக்குகிற கம்பிக் கட்டை நடுவில் பிடித்து ஒற்றையாகத் தூக்கி லாரியில் போட்டுவிட்டு வந்து நின்றாள். ஆண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மேஸ்திரி வாயைப் பிளக்கவில்லை. பீடியைப் பற்றவைத்தபடி, "பொம்பள எத்தினி தூக்கினாலும் அது அரைதான். போய் முத்தம்மா பக்கத்துல நில்லு" என்றார்.

அவள் முத்தம்மா பக்கத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள். முழு ஆளாக எண்ணினால்தான் அந்தக் கேட்டுக்குள் காலை வைப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பட்டினி கிடந்தாலும் சரி என்றாள். பட்டினி கிடக்கப்போவது தானும்தான் என்பதால் அஞ்சம்மாள் அவளை நன்றாகத் திட்டினாள். ஆனாலும் மகள் அசையவில்லை. பிரம்பு தன் தோளில் பட்டு ஒரு எண்ணிக்கை விழவேண்டும். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சுப்பராயன் வந்து சேர்ந்தார்.

சுப்பராயன் பாசஞ்சர் வண்டியில் பல்பொடி விற்கிறவர். மீஞ்சூரில் ஏறினால் ஆரம்பாக்கம் வரைக்கும் வாய் மூடமாட்டார். ஆள் ஒல்லி. நாயைக் கண்டால் பயம், போலீஸைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம். அவர் விற்கிற பல்பொடியை அவரே தேய்ப்பதில்லை என்பதற்கு அவர் பல்லே சாட்சி. ஒருநாள் ரயிலை விட்டு இறங்கி வருகையில் ஏரிச் சேற்றில் ஒரு எருமை சிக்கிக்கொண்டிருந்ததையும், அதைக் கயிறு கட்டி ஏழெட்டுப் பேர் இழுத்துத் தோற்றதையும், ரத்னா வந்து எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு ஒற்றையாக இழுத்துக் கரை சேர்த்ததையும் பார்த்தார். பல்பொடிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே காலனிக்கு வந்து அஞ்சம்மாளிடம் பேசினார். இந்தப் பெண்ணை ஊர் ஊராகக் கூட்டிப்போய் வித்தை காட்டலாம் என்றார். கூட்டம் சேரும், பல்பொடி விற்கும், கிடைப்பதில் பாதிப் பாதி என்றார். அஞ்சம்மாள் துடைப்பத்தை எடுக்க உள்ளே போனாள். ரத்னாவுக்கும் அதில் இஷ்டம் இல்லை. ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன ஒன்று அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஜில்லா பூரா உன் பேர் பரவட்டும், அப்புறம் அந்த மேஸ்திரியே உன் வீட்டு வாசலில் வந்து நின்று வேலைக்குக் கூப்பிடுவான் என்றார்.

பட்டினிக்கு பயந்து அஞ்சம்மாளும் இறங்கிவந்தாள். அம்மாவும் கூட வருவது என்றும், முகம் வெளியே தெரியக்கூடாது என்றும் ஏற்பாடு. நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணாயிற்றே. சுப்பராயன் சிவப்புத் துணியில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு ஒரு முகமூடியும், முதுகில் தொங்க ஒரு சால்வையும் தைத்துக் கொண்டுவந்தார். முகத்தை இவ்வளவு பத்திரமாக மூடிவிட்டு, பல்பொடிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'கும்மிடிப்பூண்டி இரும்பு ரத்னா' என்று எழுதியும் வைத்தார். அந்தப் பெட்டியைச் சுமந்ததும் ரத்னாதான். அவரால் ஆகாது.

சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொடுத்தது அதைவிட வேடிக்கை. பலத்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. கூட்டத்தைப் பற்றித் தெரியும். முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"நீ தூக்குறது தப்பில்ல கண்ணு. சுளுவா தூக்குறியே, அதான் தப்பு" என்றார். "கல்ல ஒரு சுத்து சுத்தி வா. கைல எச்சில் துப்பிக்கோ. மொத வாட்டி தூக்க வராத மாரி வுட்டுடு. அப்பால ஜனங்கள ஒரு பார்வ பாரு. கொழந்தைங்க அழுவுறது நிக்கிற வரிக்கும் நில்லு. அப்பால தூக்கு."

"வரதப் போய் வரலன்னு நான் எதுக்கு நைனா நடிக்கணும்?" என்று கேட்டாள் ரத்னா.

பொம்பளைக்குச் சுலபமாக வருவதை எவனும் நம்பமாட்டான் என்றார் அவர். கஷ்டப்பட்டு மூச்சுத் திணறித் தூக்கினால்தான் ஐயோ பாவம் என்று கை தட்டுவான் என்றார். ரத்னாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். முதல் தடவை அவள் பாட்டுக்கு ஆட்டுக்கல்லைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்தபோது, ஏதோ தந்திரம் என்று சொல்லி ஆரம்பாக்கம் சந்தையே கலைந்து போயிற்று. அடுத்த தடவை முனகி, தடுமாறி, முழங்காலை ஆட்டித் தூக்கியபோது கூட்டம் நெருக்கித் தள்ளியது. அன்றைக்கு ராத்திரி அவள் சோறு சாப்பிடவில்லை.

திருவள்ளூர் அமாவாசைக்குப் போனார்கள். கோயில் குளத்தில் வேண்டுதலுக்கு வெல்லம் கரைத்துவிட்டு வருகிற ஜனம் முழுக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் வந்தாக வேண்டும். நல்ல கூட்டம். அதில் ஒருவன் முன்னால் வந்து, ஆட்டுக்கல் கல்லே இல்லை, மரத்தில் செய்து சாயம் பூசியது என்று கத்தினான். ரத்னா கல்லைத் தூக்கிக்கொண்டு போய், பிடித்துக்கொள் என்று அவன் கையில் வைத்தாள். அவன் கல்லோடு சேர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய ஆட்கள் தடியோடு ஓடிவந்தார்கள். முதலில் ஓடியவர் சுப்பராயன். பெட்டியை ஒரு தோளிலும், ஓடமுடியாமல் நின்ற அம்மாவை இன்னொரு தோளிலும் போட்டுக்கொண்டு ரத்னா ஓடினாள். ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அம்மாவும் மகளும் மூச்சு விட்டார்கள். எங்கே சுப்பராயனைக் காணோமே என்று பார்த்தால், ஏற்கெனவே ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் பிள்ளைகள் முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு இரும்பு ரத்னா விளையாட்டு விளையாடின. பேர் பரவிவிட்டது. மேஸ்திரி மட்டும் வாசலுக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. சுப்பராயன் மூட்டம் கலைந்த அன்றைக்குக் காலையிலேயே காலனிக்கு வந்துவிட்டார், மீஞ்சூர் சந்தைக்குப் போகலாம் என்று. அவளுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரமாட்டாள் என்று அஞ்சம்மாள் சொல்லிவிட்டாள். ரத்னா வீட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவர் சலித்துக்கொண்டே கம்பெனி கேட்டுப் பக்கம் டீக்கடைக்குப் போனார்.

அங்கேதான் அந்தக் கூச்சல் எழுந்தது. கம்பிப் பாரம் ஏற்றிய டயர் வண்டி ஒன்று கேட்டை விட்டு வெளியே வருகையில் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி, வண்டி அப்படியே மதில் சுவர் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நின்று அதட்டிக்கொண்டிருந்தவர் மணவாளன் மேஸ்திரி. இடுப்புக்குக் கீழே நசுங்கிக் கிடந்தார். ஆட்கள் எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் வண்டி இன்னும் இறங்கியது. மேலே ஏறிக் கம்பியை உருவினால் மற்ற கம்பிகள் அவர் மேல் சரிந்தன. பின்பக்கமாக வண்டிக்கு அடியில் நுழைந்து, அச்சுக்குத் தோள் கொடுத்துத் தூக்கினால் ஆகும். ஆனால் அந்தச் சந்தில் ஒரே ஒரு ஆள்தான் நுழையமுடியும். ஒரு ஆளால் அதைத் தூக்க முடியாது.

காலனி வரைக்கும் கேட்டது மேஸ்திரியின் அலறல். ரத்னா எழுந்து ஓடினாள். அஞ்சம்மாள் பின்னாலேயே, போகாதடி போகாதடி என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவள் அப்படிக் கத்தியதற்குக் காரணம் வேறு. அது அப்போது யாருக்கும் தெரியாது.

ரத்னா வந்து நின்றதும் கூட்டம் வழிவிட்டது. மேஸ்திரி அவளைப் பார்த்தார். முகம் வெளுத்து, உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"ரத்னா, தூக்குமா" என்றார். "நாளைக்கே உன்ன தனியா எண்ணிக்கிறேன். முழு ஆளு. இதோ எல்லாரும் கேட்டுக்கினுதான் கீறாங்க."

அவள் சந்துக்குள் நுழைந்தாள். எச்சில் துப்பவில்லை, சுற்றி வரவில்லை, முனகவில்லை. அச்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து எழுந்தாள். வண்டி எழுந்தது. நாலு பேர் மேஸ்திரியைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். அவள் வண்டியை மெதுவாக இறக்கிவிட்டு வெளியே வந்தாள். முடி அவிழ்ந்து தொங்கியது, முகமெல்லாம் சேறு, கண் சிவந்திருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. கம்பெனிக்குள்ளிருந்து வந்த வாட்ச்மேன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். மற்றவர்களும் நகர்ந்தார்கள். அப்போது டீக்கடைப் பக்கமிருந்து சுப்பராயனின் குரல் கேட்டது. ரயில் சத்தத்தையே அமுக்குகிற குரல் அது.

"ஆத்தா வந்துட்டா! அங்காளம்மா வந்துட்டா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் விழுந்ததும் டீக்கடைக்காரர் விழுந்தார். அப்புறம் எல்லாரும் விழுந்தார்கள். யாரோ வேப்பிலை ஒடித்துவர ஓடினார்கள். ரத்னா, தான் ரத்னாதான் என்று சொல்லிப் பார்த்தாள். ஆத்தா கோபமாகப் பேசுகிறாள் என்றார்கள்.

கால் கட்டோடு மேஸ்திரி கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்ததும் ரத்னா போய் நின்றாள். அவர் நாற்காலியை விட்டுத் தட்டுத் தடுமாறி எழுந்து கும்பிட்டார். சொன்ன சொல்லை அவள் ஞாபகப்படுத்தினாள். ஊரே கேட்டது என்றாள்.

"சொன்னேன் தாயி. அது ரத்னாகிட்ட சொன்னது" என்றார் மேஸ்திரி, கையைக் கூப்பியபடியே. "தூக்கினது நீயாச்சே. உன் தலைல போயி நான் கம்பிக் கட்ட வெப்பனா? என் குடும்பம் வெளங்குமா?"

நியாயத்தைப் பாருங்கள். பெண் என்பதால் அரை ஆள், சாமி என்பதால் ஆளே இல்லை. எப்படிப் போனாலும் வேலை கிடையாது. அவர் பயந்து சொன்னாரா, தந்திரமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். இரண்டும் கலந்துதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சுப்பராயனின் சட்டையைப் பிடித்தாள். அன்றிலிருந்து நைனா போய் யோவ் வந்துவிட்டது. அவர் காற்றில் தொங்கிக்கொண்டே காரணம் சொன்னார். எல்லாரும் பின்னால் நகர்ந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டார். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் எவனாவது ஒருத்தன் பேய் என்று சொல்லியிருப்பான், சொன்ன உடனே கல் பறந்திருக்கும், அதற்கு முன்னால் நான் சாமி என்று சொல்லிவிட்டேன் என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவரைக் கீழே விட்டாள்.

அம்மாவிடம், நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அஞ்சம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். சொன்னால் காலனியில் இருக்க விடமாட்டார்கள் என்று அழுதாள். அந்த அழுகைக்காக ரத்னா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சுப்பராயன் சும்மா இருக்கவில்லை. வண்டி கவிழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டார். ரத்னாவுக்கு மஞ்சள் சேலை கட்டி மணையில் உட்காரவைத்தார்கள். கவரைப்பேட்டையிலிருந்தும் எளாவூரிலிருந்தும் ஜனம் வந்தது. பிள்ளை இல்லாதவள் வந்து அழுதாள், காணாமல் போன மாட்டைக் கேட்டு ஒருவன் வந்தான். அவளுக்குத் தெரிந்தால்தானே சொல்ல? முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முறைக்க முறைக்க, ஆத்தா உக்கிரமாக இருக்கிறாள் என்று கற்பூரம் கூடியது. ஒருநாள் தாங்கமுடியாமல் தாம்பாளத்தை வீசியெறிந்தாள். அது யார் மேல் பட்டதோ அவர் பாக்கியசாலி என்று பேசிக்கொண்டார்கள். கோபப்படுவதற்குக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. அதையும் அம்மன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஆடி வெள்ளிக்கிழமை வந்தது. கூழ் வார்க்க ஊரே திரண்டு நின்றது. மேளம் அடித்தது. மேஸ்திரி கோலூன்றி நொண்டிக்கொண்டு, பட்டுப்புடவையும் மாலையும் வைத்த தட்டோடு முன்னால் வந்தார். கம்பெனி லோடுமேன்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் நின்றார்கள். அவர் தட்டை அவள் காலடியில் வைத்து, என்னைக் காப்பாற்றிய தாயே என்று குனிந்தார்.

ரத்னா எழுந்து நின்றாள். மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். மேளம் நின்றது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் நின்றாள். அந்தக் கூட்டத்தில் சுப்பராயன் ஒருவர்தான் பல்பொடிப் பெட்டிப் பக்கம் நகர்ந்தார். இதற்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

"வண்டியத் தூக்கின அன்னிக்கு நான் ஊட்டுக்குத் தூரம்" என்றாள் ரத்னா.

சாதாரண நாளில் பெண்கள் தங்களுக்குள் காதோடு காதாகச் சொல்கிற வார்த்தை அது. அதை ஆண்கள் நிற்கிற இடத்தில், ஆடி வெள்ளியில், மணையில் நின்றுகொண்டு ஒரு பெண் உரக்கச் சொல்லிவிட்டாள். தீட்டுப்பட்ட உடம்பு கோயில் வாசலைக்கூட மிதிக்கக்கூடாது என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் பால் குடிக்கிற காலத்திலிருந்தே சொல்லி வளர்த்த விஷயம். அப்படிப்பட்ட உடம்பில் சாமி வந்து இறங்காது. இறங்கும் என்று அங்கே ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அதைவிடப் பெரிய பாவம்.

"ரெண்டாம் நாளு" என்றாள் மறுபடியும். "எங்கம்மாவக் கேளு. நான் பின்னால தனியா உக்காந்துக்கினு இருந்தேன். ஆத்தா வரல. எவளும் வரல. நான்தான் வந்தேன்."

எல்லாரும் அஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அஞ்சம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் மகள் மறுபடியும் சாமியாகிவிடலாம், சோறும் தொடர்ந்து வரும். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கூச்சல் வெடித்தது. கூழ்ப் பானை உருண்டது. ரத்னாவை நோக்கி ஒருவரும் வரவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அவர்கள் கை ஓங்கியது சுப்பராயன் மேல். முதலில் கத்தியவன் அவன்தானே, கொட்டகை போட்டவன் அவன்தானே என்று கிடைத்த இடத்தில் அடித்தார்கள். அவர் பல்பொடிப் பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு அலறினார். ரத்னா கொட்டகைக் கம்பைப் பிடுங்கினாள். கொட்டகை சரிந்து விழுந்ததில் பாதிப் பேர் ஓலைக்குள் போனார்கள். மீதிப் பேரை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போய், சுப்பராயனைச் சட்டையோடு பிடித்துத் தூக்கித் தன் பின்னால் நிறுத்தினாள்.

"இந்தாளு ஏமாத்துனது என்னைத்தான். அடிக்கணும்னா நான் அடிச்சிக்கிறேன்" என்றாள். "நீங்கல்லாம் போங்க."

பின்னால் நின்றுகொண்டு சுப்பராயன், அவள் சொல்வது சரிதான், அவள்தான் தூக்கினாள், நான் பயந்துபோய்க் கத்திவிட்டேன் என்று முதல் தடவையாக ஒரு உண்மையை உரக்கச் சொன்னார். பல் இரண்டு போயிருந்ததால் அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

மேஸ்திரி நகராமல் நின்றிருந்தார். தன் இடுப்பையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அங்கே இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல. வேட்டியை உதறினார். அதை ரத்னா பார்த்தாள். ஒரு வருஷத்துக் கோபமும் அப்போதுதான் முழுசாக எழுந்தது.

"இன்னாத்துக்கு மேஸ்திரி ஒதறிக்கினு கீற? தீட்டு ஆவாதுன்னா சொல்லு. வண்டி அங்கதான் கீது. போய் அடியில படு, நான் வுட்டுர்றேன்."

லோடுமேன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மேஸ்திரி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஆனால் எல்லாருடைய கண்ணும் மேஸ்திரி மேல்தான் இருந்தது.

"உன்னத் தூக்கினது யாரு?" என்று கேட்டாள் ரத்னா. "பேரச் சொல்லு."

அவர் தரையைப் பார்த்தார். கோலை மாற்றிப் பிடித்தார். சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்தச் சேற்றில் அவரை இழுத்துப்போட்ட நாலு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"ரத்னா" என்றார் கடைசியில்.

"அப்ப ரத்னாகிட்ட சொன்ன சொல்லு அப்படியேதான கீது?"

மேஸ்திரி பட்டுப்புடவைத் தட்டை அங்கேயே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் காலனியில் அவர்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, அஞ்சம்மாள் தண்ணீர் கேட்டும் பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கவில்லை. ரத்னா பல்பொடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுப்பராயனை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். அவர் வாங்கிக்கொண்டே நடந்தார். வண்டி வந்ததும் பெட்டியை ஏற்றி, அவரையும் ஏற்றினாள். நாளைக்கு மேஸ்திரி எண்ணவில்லை என்றால் என்ன செய்வாய் என்று அவர் ஜன்னல் வழியாகக் கேட்டார். எண்ணுகிற வரைக்கும் நிற்பேன் என்றாள். வண்டி நகர்ந்தது.

காலையில் கேட்டு முன்னால் ஆண்கள் வரிசைக் கடைசியில் போய் நின்றாள். முத்தம்மாவும் மற்றப் பெண்களும் எதிர்ப்பக்கத்தில் ஜோடி ஜோடியாக நின்று அவளையே பார்த்தார்கள். மேஸ்திரி வந்தார். பிரம்பால் தோளைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தவர், அவளிடம் வந்ததும் நின்றார். பிரம்பு பாதி தூரம் வந்து அந்தரத்தில் நின்றது. அப்படியே தொடாமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பதினாலு" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

"மேஸ்திரி" என்றாள் ரத்னா.

அவர் நின்றார்.

"தொட்டு எண்ணு."

லாரிக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். மேஸ்திரி திரும்பி வந்தார். பிரம்பு அவள் தோளில் பட்டது. "பதினாலு" என்றார், இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ரத்னா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோபம் கொஞ்சமும் குறையாமல், லாரிப் பக்கம் நடந்தாள். எதிர்ப்பக்கத்தில் முத்தம்மா தன் ஜோடியின் கையை உதறிவிட்டு, ஒரு அடி தள்ளித் தனியாக நின்றாள்.